சமையற்கூடம் நீங்கலாக

ஜனவரி 8, புதன்

இந்த டைரி என் மனைவி தமயந்திக்குக் கிடைத்தது. சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வருடப் பிறப்பில் தருகிறார்கள். கெட்டி அட்டை, பட்டு நாடா, விடுமுறை நாட்கள் எல்லாம் சிவப்பில். "எனக்கு எங்கங்க எழுத நேரம்? நீங்க வச்சுக்கங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டாள். பிற்காலத்தில் என் அரசியல் வாழ்க்கையைப் பற்றி யாராவது எழுத நினைத்தால் உதவும் என்பதால் இன்று தொடங்குகிறேன்.

என் பெயர் கோ. சௌந்தரபாண்டி. மதுரைக்குத் தெற்கே எங்கள் ஊரில் மீனா மஹால் என்ற கல்யாண மண்டபம் என்னுடையது. கட்சியில் நகரச் செயலாளர். மூன்று தேர்தல்களில் சீட் கேட்டேன். மூன்றிலும் வேறு ஆளுக்குப் போனது. நான்காவது முறை, "உங்க தொகுதிக்கு இந்தத் தடவை பெண் வேட்பாளர். உங்க வீட்டம்மாவை நிறுத்துறீங்களா?" என்று தலைமையில் கேட்டார்கள். தமயந்தி அப்போது இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஊரில் பாதிப் பேருக்குப் பாலிசி போட்டவள் அவள்தான். யோசித்துச் சரி என்றேன். சுவரொட்டியில் அவள் படமும் என் படமும் ஒரே அளவு. வீடு வீடாக ஏறி இறங்கியது நான். ஜெயித்தோம்.

அதாவது, ஜெயித்தாள்.

பேரவையும் குழுக்களும் நடக்கும் நாட்களில் சென்னை உறுப்பினர் விடுதியில் இருவரும் தங்குகிறோம். அவளுக்கு இந்த உலகம் புதிது. வழிகாட்ட ஆள் வேண்டும்.

இன்று கோட்டை வாசலில் காவலர் அவளுக்கு சல்யூட் வைத்தார். என்னிடம், "சார், நீங்க யாரு?" என்றார்.


ஜனவரி 9, வியாழன்

நல்ல செய்தி. கல்யாண மண்டபங்களின் உரிமம், பாதுகாப்பு பற்றி அரசு ஒரு சட்டமுன்வடிவு கொண்டுவந்திருக்கிறது. உடனே நிறைவேற்றாமல், பிரிவு பிரிவாகப் பார்த்துச் சொல்லும்படி ஒரு தேர்வுக் குழுவிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டிலும் ஆட்கள் உண்டு. தலைவர் அருமைநாயகம், ஐந்து முறை ஜெயித்த பெரிய மனிதர். உறுப்பினர்களில் தமயந்தியும் ஒருத்தி.

மண்டபம் பற்றிய குழுவில் மண்டபக்காரன் மனைவி. என்னை மனதில் வைத்துத்தான் போட்டிருக்க வேண்டும்.

மாலையில் ரத்தினகுமார் போன் செய்தார். எங்கள் வட்டார மண்டப உரிமையாளர் சங்கத் தலைவர். நான் பல வருடமாக அந்தச் சங்கத்தில் சாதாரண உறுப்பினர்தான். இதுவரை அவர் என்னை "பாண்டி" என்றுதான் கூப்பிடுவார். இன்று "அண்ணே" என்றார்.


ஜனவரி 15, புதன்

பொங்கலுக்கு ஊருக்கு வந்தோம். சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ரத்தினகுமார் பேசும்போது, "இனி நமக்குக் கோட்டையிலயே ஒரு அண்ணன் இருக்காரு" என்றார். கைதட்டல்.

பிறகு தனியே அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். பில்லில் பதினான்காவது பிரிவு. மண்டபத்தில் எத்தனை வழி இருக்க வேண்டும் என்பது பற்றியது. அதில் "சமையற்கூடம் நீங்கலாக" என்று இரண்டு வார்த்தை இருக்கிறதாம். சங்கம் அலைந்து திரிந்து சேர்த்த வார்த்தைகளாம். அந்த இரண்டும் அப்படியே இருந்தால் போதும், மற்றது எப்படிப் போனாலும் பரவாயில்லை என்றார்.

"வீட்டுல நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவுக தட்டவா போறாக?"

"என் பேச்சை மீற மாட்டா" என்றேன்.


ஜனவரி 21, செவ்வாய்

அவளுடைய வாரம் இப்படிப் போகிறது. திங்கள் காலை ரயிலில் இறங்குகிறோம். செவ்வாய், புதன் தேர்வுக் குழு. வியாழன் மனுக்கள் குழு. பட்டா கிடைக்காதவர், ஓய்வூதியம் நின்றுபோனவர் எல்லாம் அங்கே எழுதிப் போடுகிறார்கள், ஒவ்வொன்றையும் அதிகாரிகளை வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். வெள்ளி ஊருக்குப் பயணம். சனி, ஞாயிறு தொகுதி அலுவலகத்தில் கூட்டம். கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு. நடுவில் படிக்க வேண்டிய தாள்கள் தலையணை உயரத்துக்கு வருகின்றன. எல்லாவற்றையும் படிக்கிறாள். எல்லாரும் படிப்பதில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"படிக்காம எப்படிங்க கையெழுத்துப் போடறது?" என்கிறாள்.

கேன்டீன் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் அறையில் ஒரு அடுப்பு வைத்து நான்தான் சமைக்கிறேன். தற்காலிக ஏற்பாடு. இன்று தக்காளி ரசம், உருளைக்கிழங்கு வறுவல். அவள் ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்தாள். நன்றாக இருந்தது என்று அர்த்தம்.


ஜனவரி 22, புதன்

சாப்பிடும்போது பில்லை எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தாள்.

"'சமையற்கூடம் நீங்கலாக, மண்டபத்தின் ஒவ்வொரு தளத்திலும் குறைந்தது இரண்டு வெளியேறும் வழிகள் இருத்தல் வேண்டும்.' ஏங்க, இது ஏன் நீங்கலாக?"

"அங்க விருந்தாளி போறதில்லையே."

"வேலை செய்றவுக போறாகல்ல?"

"சின்ன வார்த்தைம்மா. விடு."

"பாலிசியில 'நீங்கலாக'ன்னு வந்தா அங்கன பென்சில்ல ஒரு வட்டம் போட்டுருவேன். பணம் வரலைன்னு பின்னால அழுதுக்கிட்டு வர்றவுக எல்லாம் அந்த வட்டத்துக்குள்ள இருந்துதான் வருவாக." சொல்லிக்கொண்டே வட்டம் போட்டுவிட்டாள்.

ரத்தினகுமார் சொன்னதைச் சொல்ல அது சரியான நேரமாகப் படவில்லை. அவள் களைப்பாக இருந்தாள்.


ஜனவரி 23, வியாழன்

ரத்தினகுமார் போன். பேசிவிட்டேன், பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.


ஜனவரி 30, வியாழன்

அடுத்த கூட்டத்தில் மண்டபங்களில் வேலை செய்பவர்கள் சார்பில் சிலர் வந்து குழுவிடம் பேசப்போகிறார்கள். தமயந்தி கேள்வி கேட்க வேண்டும். நான் ஒரு உரை தயாரித்துக் கொடுத்தேன். தலைவர் அவர்களுக்கு வணக்கம், தலைமைக்கு நன்றி, மண்டபத் தொழில் இந்த மாநிலத்துக்குச் செய்த சேவை, அரசின் சாதனைகள், ஒரு குறள். நல்ல உரை. அவள் முழுவதும் படித்தாள். "ரெம்ப நல்லா இருக்குங்க" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.


பிப்ரவரி 5, புதன்

குழுக் கூட்டத்துக்குள் வெளியாட்களை விடுவதில்லை. நான் கோட்டைக்கு வெளியே டீக்கடையில் இருந்தேன். அங்கே இன்னும் இரண்டு பெண் உறுப்பினர்களின் கணவர்களும் வருவார்கள். ஒருவர் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போடுவார். இன்னொருவர் மனைவிக்கு வந்த மனுக்களைத் தானே பிரித்துப் பார்ப்பார். நான் அந்த இரண்டு வகையும் இல்லை.

வெளியே வந்த தமயந்தியிடம் உரை எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நேரம் ரெம்பக் கம்மிங்க. சமையல்காரவுககிட்ட நாலே கேள்வி கேட்டேன். கடைசியில நீங்க எழுதியிருந்த மாதிரியே முடிச்சேன்."

"எந்த வரி?"

"நன்றி, வணக்கம்."

இன்னொன்றும் சொன்னாள். கூட்டம் தொடங்கிய முதல் நாளே தன் வீட்டுக்கு மண்டபம் இருக்கிறது, தான் இந்தக் குழுவில் இருக்கலாமா என்று எழுந்து கேட்டிருக்கிறாள். தெரிந்தேதான் போட்டோம், இருங்கள் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். இது எனக்கு இப்போதுதான் தெரியும்.

அவளுடைய பருத்திச் சேலைகளுக்குக் கஞ்சி போட்டு வைத்தேன். வெளியே கொடுத்தால் மொடமொடவென்று பலகையாக்கிவிடுகிறார்கள்.


பிப்ரவரி 10, திங்கள்

மண்டப மேலாளர் சங்கிலி போன் செய்தான். இன்று அங்கே முகூர்த்தம். சமையல்கட்டில் ஏதோ சிறு கோளாறாம். பயப்பட ஒன்றுமில்லை. பகல் ரயிலில் கிளம்புகிறேன். தமயந்தியிடம் ஜெனரேட்டர் பழுது என்று சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் குழுவில் பிரிவு பிரிவாக முடிவெடுக்கிறார்கள். அவள் மனம் கலங்கக் கூடாது.


பிப்ரவரி 11, செவ்வாய்

பெரிதாக ஒன்றுமில்லை. கேஸ் குழாயில் கசிவு. வாசல் பக்கத்து அடுப்பில் தீப்பிடித்திருக்கிறது. சங்கிலியும் மாப்பிள்ளை வீட்டுப் பையன்களும் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்துவிட்டார்கள். கல்யாணம் குறித்த நேரத்தில் நடந்தது. சாப்பாடு கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். சுவர் கறுத்திருக்கிறது. வெள்ளையடித்தால் சரியாகிவிடும்.

பாத்திரம் கழுவும் இருளாயிக்குக் கையில் சிறு காயம்.


பிப்ரவரி 12, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். காயம் சிறியது என்று நேற்று எழுதியிருந்தேன். முழங்கையிலிருந்து விரல் வரை கட்டுப் போட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் இருளாயி எழுந்து உட்காரப் பார்த்தது.

"மொதலாளி, நீங்க எதுக்கு மெட்ராஸ்ல இருந்து இம்புட்டுத் தூரம் வந்தீக? கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிருச்சா?"

முடிந்தது என்றேன்.

"பொண்ணு அழுதுருச்சாம்ல. பாவம், அது கல்யாண நாள்ல போயி."

இளநீர் வாங்கிப் போயிருந்தேன். அதற்குப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில் சங்கிலியிடம், பெண் ஏன் அழுதது என்று கேட்டேன். முதலில் சொல்லவில்லை. பிறகு சொன்னான்.

எங்கள் சமையல்கட்டுக்கு முன்பு இரண்டு கதவு இருந்தது. மணமகள் அறையைப் பெரிதாக்கி ஏசி போட்டபோது, பின்கதவு இருந்த இடத்தில் நான் சுவர் எழுப்பி, அறைப் பக்கம் ஆளுயரக் கண்ணாடி பதித்தேன். அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் பலர் எங்கள் மண்டபத்தைப் பேசி முடிக்கிறார்கள். முன்கதவுப் பக்கம் தீ. பரிமாறும் ஜன்னலில் கம்பி. உள்ளே இருந்தவர்கள் பின்னால் ஓடியிருக்கிறார்கள். பழைய ஆட்கள் அல்லவா, அங்கே கதவு இருந்த நினைவில். அந்தச் சுவரைத்தான் தட்டியிருக்கிறார்கள்.

பெண் அப்போது கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பூ வைத்துக்கொண்டிருந்ததாம். கண்ணாடிக்குள்ளிருந்து யாரோ தட்டுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறது. அலங்காரக்காரர்கள் ஆணி அடிக்கிறார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்களாம். ஏசி சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண்தான் எழுந்து ஓடி வெளியே கத்தியிருக்கிறது.

வெள்ளையடிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். காரணம் எதுவுமில்லை.


பிப்ரவரி 13, வியாழன்

காலையில் தமயந்தி போன்.

"ஜெனரேட்டர் சரியாயிருச்சாங்க?"

"ஆச்சு."

"இருளாயி மகதான் எங்கிட்டச் சொன்னா. அன்னைக்கே."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீங்க சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள்.

"ம்."

"அந்தச் சுவத்துக்குப் பின்னால எத்தனை பேரு நின்னாகங்க?"

"நாலு பொம்பளைக. சமையல் மாஸ்டரு."

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.


பிப்ரவரி 18, செவ்வாய்

சென்னைக்குத் திரும்பிவிட்டேன். ரத்தினகுமார் தினமும் போன் செய்கிறார். தீ விஷயம் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். "அது நம்ம எல்லாருக்குமே நல்லதுண்ணே."

இன்று குழுவிலிருந்து வந்த தமயந்தி செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள். "ஏங்க, குழு நேர்ல பாக்கப் போகுது. மார்ச் ஒண்ணாம் தேதி நம்ம பக்கம் வாராக. எந்த மண்டபம்னு தலைவர் கேட்டாரு."

"எதைச் சொன்ன?"

"நம்மளதைத்தான்."

என் வாழ்நாளில் அவளிடம் குரலை உயர்த்திப் பேசியதில்லை. இன்று பேசினேன். புருஷனை ஊர் முன்னால் நிறுத்தி அவமானப்படுத்துவதற்கா உன்னை ஜெயிக்க வைத்தேன் என்று கேட்டேன். பக்கத்து அறை உறுப்பினர் எட்டிப் பார்த்தார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும், "அடுத்தவுக மண்டபத்தைக் காட்டி, இங்க பாருங்க, கதவில்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க" என்றாள். "நம்ம வீட்டுல ஒண்ணை மூடி வச்சுக்கிட்டு."


பிப்ரவரி 19, புதன்

பேசவில்லை. சமைத்து வைத்தேன்.


பிப்ரவரி 20, வியாழன்

அவள் பேசினாள். நான் பேசவில்லை. மனுக்கள் குழுவில் ஒரு கிழவருக்கு ஓய்வூதியம் வாங்கிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். நல்ல காரியம்தான். தலையாட்டினேன். தலையாட்டுவது பேச்சில் சேராது.


பிப்ரவரி 22, சனி

ஊரில். தொகுதி அலுவலகத்தில் கூட்டம். அவள் குடிநீர்க் குழாய் பிரச்சினை ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே வரிசையில் இருளாயியின் மகள் நின்றது. என்னைப் பார்த்ததும், "அம்மாவை வீட்டுக்குக் கூட்டியாந்துட்டோம் மாமா" என்றது. நான் உள்ளே போய் மிக்சர், காபி கொண்டுவந்து கொடுத்தேன். பிறகு வரிசையில் நின்ற எல்லாருக்கும் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

மாலையில் தமயந்தியிடம், "உனக்குக் காபி வேணுமா?" என்று கேட்டேன். மூன்று நாள் மௌனத்தை இப்படி முடித்துக்கொள்வதில் எனக்கு இஷ்டமில்லைதான். ஆனால் அவள் முகம் ரொம்ப வாடியிருந்தது.


மார்ச் 1, சனி

இன்று நடந்ததை முழுவதும் எழுத வேண்டும்.

காலையில் குழு வந்தது. அருமைநாயகம் அய்யா, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மூவர், எங்கள் கட்சிக்காரர்கள், தீயணைப்புத் துறை அதிகாரி, எழுதிக்கொள்ள ஆட்கள். ரத்தினகுமார் சங்கத்து ஆட்களோடு முன்பே வந்துவிட்டார். மாலை, சால்வை, ரோஸ்மில்க் எல்லாம் ஏற்பாடு. தமயந்தி குழுவோடு வேனில் வந்து இறங்கினாள். மற்ற உறுப்பினர்களுக்கு வணக்கம் சொன்ன மாதிரியே எனக்கும் கைகூப்பினாள். நானும் கூப்பினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் கும்பிட்டது இதுதான் முதல் தடவை.

மேடை, பந்திக்கூடம், வண்டி நிறுத்துமிடம் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரி. பிறகு சமையல்கட்டு. கறுத்த சுவர் அப்படியே இருந்தது. இருளாயி கட்டுப்போட்ட கையோடு வந்திருந்தது, மற்ற பெண்களும் ஓரமாக நின்றார்கள். ரத்தினகுமார் என் காதருகில் வந்தார்.

"அண்ணே, சமையலெல்லாம் பின்னால கொட்டகையிலதான் நடக்குது, இது சும்மா பாத்திரம் வைக்கிற இடம்னு சொல்லிருங்க. முடிஞ்சுபோச்சு."

அருமைநாயகம் அய்யா சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "உரிமையாளர் நீங்கதானே? இந்த ஒரு கதவு போதும்னு நினைக்கிறீங்களா?"

தமயந்தி தன் கையிலிருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தால் நான் சொல்லப்போவது அவளுக்காகச் சொன்னதாகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

வாயைத் திறந்தேன். கொட்டகை என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இருளாயி ஒரு கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நான் என்ன சொன்னாலும் ஆமாம் போடத் தயாராக நின்றது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சொல்ல வரவில்லை.

"அய்யா, பதில் சொல்றதுக்கு முன்னாடி எல்லாரும் மணமகள் அறைக்கு ஒரு நிமிஷம் வரணும்" என்றேன்.

அழைத்துப் போனேன். கண்ணாடி முன்னாலிருந்த நாற்காலியில் அய்யாவை உட்கார வைத்தேன். ஏசியைப் போட்டேன். கதவைச் சாத்திவிட்டுச் சுற்றிக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தேன். பின்சுவரருகே போய் உள்ளங்கையால் தட்டினேன். பத்துப் பதினைந்து தட்டு. கை வலித்தது. மறுபக்கத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

இருளாயி அருகில் வந்தது. "கையால தட்டுனா கேக்காது மொதலாளி. நாங்களும் மொதல்ல அப்படித்தான் தட்டுனோம்." கீழே குனிந்து ஒரு செம்பை எடுத்துக் கொடுத்தது. "இதால தட்டுங்க."

செம்பால் தட்டினேன். ஓங்கி ஓங்கித் தட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சங்கிலி வந்து தோளைத் தொட்டு, "போதும்ண்ணே, வாங்க" என்றான். என் சட்டையெல்லாம் கரி.

அறைக்குத் திரும்பியபோது அருமைநாயகம் அய்யா எழுந்து நின்றிருந்தார். "அந்த ஏசியை அணைங்க" என்றார். அணைத்ததும், எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், கடுகடுத்த மனிதர், கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "பின்னால எத்தனை பேர் இருந்தாங்க?" என்று கேட்டார்.

"அஞ்சு பேருங்க. இந்தச் சுவரை எழுப்புனது நான்தான்" என்றேன்.

ரோஸ்மில்க்கை யாரும் குடிக்கவில்லை. ரத்தினகுமார் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

குழு கிளம்பும்போது தமயந்தி வேனில் ஏறப் போனவள் திரும்பி வந்தாள். கைக்குட்டையை எடுத்து என் நெற்றிக் கரியைத் துடைத்தாள். எல்லாரும் பார்த்தார்கள். நான் நகரச் செயலாளர். இருந்தாலும் நின்றேன்.


மார்ச் 3, திங்கள்

தமயந்தி மட்டும் சென்னைக்குப் போனாள். நான் கொத்தனாரை வரவழைத்தேன். கண்ணாடியை உடையாமல் எடுக்க முடியாது என்றார். உடைந்தால் உடையட்டும் என்றேன்.

சுவர் இடிபடும்போது சமையல்காரப் பெண்கள் வேலை இல்லாத நாளிலும் வந்து பார்த்தார்கள். ஓட்டை விழுந்ததும் காற்று உள்ளே வந்தது. அதில் ஒரு பெண் ஓட்டைக்குள் தலையை நீட்டி, மணமகள் அறையைச் சுற்றிப் பார்த்து, "ஆத்தாடி, உள்ளுக்குள்ள இம்புட்டுச் சோக்கா இருக்குமா!" என்றது. இத்தனை வருடமாக இங்கே வேலை செய்கிறவர்கள் அந்த அறையைப் பார்த்ததே இல்லை.

பங்குனி, சித்திரைக்குப் பேசியிருந்த இரண்டு கல்யாணங்கள் ரத்து. மணமகள் அறை சிறியதாகிவிடும் என்று சொல்லிவிட்டேன். போகட்டும்.

விடுதி அறையில் தமயந்தி என்ன சாப்பிட்டாள் என்று தெரியவில்லை. கேட்டால் "சாப்பிட்டேங்க" என்பாள். அதை நம்ப முடியாது.


மார்ச் 6, வியாழன்

சென்னை வந்து சேர்ந்தேன். நினைத்தது சரி. பிஸ்கட் பாக்கெட்டுகள்.


மார்ச் 20, வியாழன்

குழு அறிக்கையை முடித்துவிட்டது. பதினான்காம் பிரிவில் "சமையற்கூடம் நீங்கலாக" என்பதை நீக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எதிர்ப்பு இருந்ததாம். சிறிய மண்டபங்கள் என்ன செய்யும் என்று எங்கள் கட்சிக்காரர் ஒருவரே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். பழைய மண்டபங்களுக்கு மாற்றிக்கட்ட அவகாசமும், சிறியவர்களுக்குக் கூட்டுறவு வங்கியில் கடனும் தரலாம் என்று தமயந்தி ஒரு யோசனை சொல்ல, அந்தக் கடுகடுத்த எதிர்க்கட்சிக்காரரே முதலில் ஆதரித்தாராம்.

"அவகாசம் பத்தி நான் உனக்குச் சொல்லவே இல்லையே?" என்றேன்.

"நீங்க கொத்தனார்கிட்ட போன்ல சண்டை போட்டதைக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். ஒரு கதவு வைக்க என்னென்ன தொல்லைன்னு அதுலதான் தெரிஞ்சுச்சு."

சங்கத்திலிருந்து என்னை நீக்கிவிட்டதாகத் தகவல் வந்தது. கட்சியிலும் மேலே புகார் போயிருக்கிறது. வீட்டுக்காரி பேச்சைக் கேட்டுத் தொழிலைக் கெடுத்தவன் என்று ஊரில் சொல்கிறார்களாம்.

முதல் பாதி உண்மைதான்.


மார்ச் 27, வியாழன்

அறிக்கை போனதோடு முடியவில்லை. அவையில் அமைச்சர் குழு சொன்னதை ஏற்க வேண்டும். பழைய வாசகத்தையே வைத்துக்கொள்ளச் சொல்லிச் சங்கம் பெரிய இடங்களில் பேசுகிறதாம். தமயந்தி ஒவ்வொரு உறுப்பினராகப் போய்ப் பார்க்கிறாள். பாலிசி போட வீடு வீடாகப் போவாளே, அதே நடைதான். கைப்பை, குடை, தண்ணீர் பாட்டில். காலில் வீக்கம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கால் வைக்கச் சொன்னேன். வைத்துக்கொண்டே அடுத்த பில்லைப் படித்தாள்.


ஏப்ரல் 8, செவ்வாய்

நாளை பேரவையில். பார்வையாளர் மாடத்துக்கு எனக்கு அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கிறாள். "சும்மா உக்காந்து பாருங்க. பேசக் கூடாது. கை தட்டக் கூடாது. செல்போனை வெளியில கொடுத்துறணும்" என்று பலமுறை சொல்லிவிட்டாள். எனக்குச் சட்டமன்ற நடைமுறை தெரியாதா?

வெண்பொங்கல் செய்கிறேன். நல்ல நாளில் வயிறு கனமாக இருக்க வேண்டும்.


ஏப்ரல் 9, புதன்

மாடத்திலிருந்து பார்த்தால் அவை சிறியதாகத் தெரிகிறது. தொலைக்காட்சியில் பெரிதாக இருக்கும். தமயந்தி மூன்றாவது வரிசையில். நான் கஞ்சி போட்ட நீலச் சேலை. மேலேயிருந்து உச்சி வகிடு தெரிந்தது, நரை கூடியிருக்கிறது. வீட்டில் இதைக் கவனிக்கவில்லை.

பலர் பேசினார்கள். ஒருவர் மண்டபத் தொழில் அழிந்துவிடும் என்றார். கடைசியில் அவளுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். அவள் எங்கள் மண்டபத்தின் பெயரையே சொன்னாள். அங்கே தீப்பிடித்ததைச் சொன்னாள். "அந்தச் சுவர் இப்ப இல்லைங்க, பேரவைத் தலைவர் அவர்களே. அதை எழுப்புனவரே இடிச்சுட்டாரு. சட்டம் வந்து அவரை இடிக்கச் சொல்லலை. எல்லாரும் அவரை மாதிரி இருந்துட்டா நமக்கு இந்தப் பிரிவே வேண்டாம். அப்படி இல்லாததாலதான் கேக்குறோம்" என்றாள். உட்கார்ந்தாள்.

என் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏதோ கிசுகிசுத்தார்கள். எனக்கு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

அமைச்சர் எழுந்து, குழுவின் திருத்தத்தை அரசு ஏற்றுக்கொள்கிறது என்றார். பேரவைத் தலைவர் பிரிவை வாசித்தார். அந்த இரண்டு வார்த்தைகள் இல்லாமல் வாசித்தார். பிறகு, "ஆம் என்போர் ஆம் என்க" என்றார்.

"ஆம்" என்றேன்.

கீழே எல்லாரும் சொன்னார்கள். ஆனால் என் குரல் மேலேயிருந்து, கொஞ்சம் முந்திக்கொண்டு போய்விட்டது. அவை முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. தமயந்தியும் பார்த்தாள். இரண்டு காவலர்கள் வந்து மரியாதையாகவே கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்கள். ஒரு சிறிய அறையில் உட்கார வைத்து, பெயர், ஊர் எழுதிக்கொண்டு, இனி இப்படிச் செய்யக் கூடாது என்று எச்சரித்தார்கள். பிறகு அவர்களே டீயும் கொடுத்தார்கள். பிரிவு நிறைவேறிவிட்டதா என்று கேட்டேன். "ஆச்சு சார். நீங்க டீயைக் குடிங்க" என்றார் மூத்தவர்.

அவை முடிந்ததும் தமயந்தி என்னைத் தேடி வந்தாள். காவலர்களிடம் மன்னிப்புக் கேட்டாள். படியிறங்கி வாசலைத் தாண்டும் வரை முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது, சின்னப்புள்ள மாதிரி? எம்புட்டுச் சொல்லி அனுப்புனேன்?"

"அறியாம வந்துருச்சும்மா."

"உங்க ஓட்டு செல்லாதுங்க."

"தெரியும்."

சாலையைக் கடக்க நின்றோம். வண்டிகள் விட்டபாடில்லை. அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்தபடி சொன்னாள்:

"ஆனா அத்தனை சத்தத்துலயும் எனக்கு உங்களது மட்டுந்தான் கேட்டுச்சு."